மலிவு மிஷினுக்கு ஒரு குறை

எனக்கு வாயில் நல்ல வார்த்தையே வராது என்று பேட்டை தொழிற்பேட்டை முழுக்கப் பேச்சு. வரும். ஆனால் பிடிக்காத இடத்தில்தான் வரும். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் சாம்பார் அடிப்பிடித்திருந்தால் "நல்லா இருக்கு" என்பேன். புது வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர், மாடிப்படியில் என் தலை இடித்த பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால், தலையைத் தடவிக்கொண்டே "ரொம்ப நல்லா இருக்கு" என்பேன். அதெல்லாம் மரியாதைக்கு. உண்மையாகவே ஒன்று மனதுக்குப் பிடித்துவிட்டால் என் வாயிலிருந்து விழுவது "பரவால்ல" என்ற ஒரு சொல்தான். அதற்கு மேல் என்னிடம் பாராட்டு கிடையாது.

என் மனைவி பிரம்மநாயகிக்கு இது தெரியும். சொதி வைத்த அன்றைக்கு நான் "பரவால்ல" என்றால் கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றுவாள். அவள் தம்பி வீட்டில் சாப்பிட்டுவிட்டு "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்று நான் சொன்ன ஒரு நாள், டவுண் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சந்திப் பிள்ளையார் முக்கு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. பிள்ளைகள் இல்லை. டவுணில் பல குடும்பங்கள் சேர்ந்து குடியிருக்கிற ஒரு வளவில் பின்பக்கத்து வீடு எனக்கு. காலையில் பூட்டிவிட்டுப் போனால் பூட்டினது பூட்டினபடி இருக்கும், வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கும். அப்படி ஒரு வீட்டுக்குத் திரும்பிப் போவதற்கு யாருக்குத்தான் அவசரம் இருக்கும்? அதனால் பட்டறை விட்டதும் நான் நேரே போகிற இடம் தொழிற்பேட்டை வாசலில் இருக்கும் இசக்கியம்மா டீக்கடை பெஞ்சு.

மற்ற டீக்கடைகளில் அரசியல் பேசுவார்கள், சினிமா பேசுவார்கள். எங்கள் பெஞ்சில் மிஷின் பேசுவோம். எந்தப் பட்டறை லேத்தின் மேடை தேய்ந்துவிட்டது, யார் வாங்கின துளை மிஷின் தலையை ஆட்டுகிறது, யாருக்கு எந்த ஏஜென்ட் நாமம் போட்டான் என்பதெல்லாம் அங்கே தீர்ப்பாகும். கடைசித் தீர்ப்பு என்னுடையது. நான் மில்லிங்காரன், இரும்பை வெட்டிச் செதுக்கி அளவுக்குக் கொண்டுவருகிறவன். பெயர் குமரகுருபரன்; பெஞ்சில் எல்லோருக்கும் பிள்ளைவாள், பெனிட்டோவுக்கு மட்டும் அண்ணாச்சி. "பிள்ளைவாள் என்ன சொல்லுதாரு?" என்று கேட்பார்கள். நான் ஏதாவது குறை சொல்வேன். எல்லோருக்கும் திருப்தியாக இருக்கும்.

பெனிட்டோ அடுத்த பட்டறையில் மில்லிங் ஓட்டினான். கடற்கரைக் குடும்பம். அவன் அப்பாவுக்குச் சொந்தமாகப் படகு இருந்தது. படகில் ஏறினால் இவனுக்கு வாந்தி, அதனால் ஐ.டி.ஐ. படித்துவிட்டு மேற்கே வந்துவிட்டான். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவன். பிரம்மநாயகி இறந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாம் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் பஸ் ஏறிவிட்டார்கள். இவன்தான் அதற்குப் பிறகும் சாயங்காலம் சாயங்காலம் வந்து ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து சைக்கிளில் நேரே என் வீட்டுக்கு வருவான். இரண்டு பேரும் துண்டை எடுத்துக்கொண்டு குறுக்குத்துறைக்கு ஆற்றில் குளிக்கப் போவோம். என் வாரத்தில் அந்த ஒரு காலைப் பொழுதுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் ஓடின என்று சொன்னால் பொய் இல்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் எங்கள் முதலாளி அகமது மீரான் ஒரு சி.என்.சி. மில்லிங் மிஷின் வாங்கினார். கம்ப்யூட்டர் வைத்தது. கையால் சுற்றுகிற சோலி கிடையாது. இப்படிப் போ, இவ்வளவு வெட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அதுவாக வெட்டும். இந்தப் பக்கம் அப்படி ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. கொங்கு நாட்டுப் பக்கம் புதிதாக ஆரம்பித்த ஒரு கம்பெனி செய்தது. பெங்களூர் மிஷின்களின் விலையில் பாதிதான். லாரியிலிருந்து இறக்கும்போதே பெஞ்சு கூடிவிட்டது.

எங்கள் பட்டறையில் லேத் ஓட்டுகிற சொரிமுத்து முதலில் ஆரம்பித்தான்.

"இது மிஷினாவே? பீரோ. கதவத் தொறந்து வேட்டி சட்டைய மடிச்சு வைக்கலாம்."

"பாதி வெலைக்குப் பாதி மிஷின்தான் குடுப்பான். மீதிப் பாதிய மீரான் மொதலாளி தேடிப் பிடிக்கணும்" என்றான் இன்னொருவன்.

"கரண்டு போச்சுன்னா தான் எங்கன நிக்கோம்ங்கதே அதுக்கு மறந்திருமாம்லா. நம்ம ஊரு கரண்டுக்கு அது தெனமும் கோட்டி பிடிச்சுதான் நிக்கப் போகுது."

பெனிட்டோ மட்டும் சிரிக்கவில்லை. "வெட்டிப் பாக்காம என்னத்தப் பேசுதிய? அண்ணாச்சி ஓட்டிப் பாத்துச் சொல்லட்டும்" என்றான்.

மிஷினை என் தலையில்தான் கட்டினார்கள். கம்பெனிக்கே போய் ஒரு வாரம் படித்துவிட்டு வந்தேன். மிஷினுக்குத் தூசி ஆகாது, சூடு ஆகாது என்று முதலாளி பட்டறை மூலையில் கண்ணாடி அறை கட்டி ஏ.சி. போட்டுவிட்டார். செருப்பை வெளியே கழற்ற வேண்டும். கதவைத் திறந்து வைக்கக் கூடாது. எவனும் சும்மா உள்ளே வரக் கூடாது. சொரிமுத்து கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான்.

அதுவரை என் பழைய மிஷின் பட்டறை நடுவில் இருந்தது. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே எதிரே நிற்கிறவனோடு வாய்ச்சண்டை போடலாம். போகிற வருகிறவன் எல்லாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவான். கண்ணாடி அறைக்குள் ஏ.சி. உறுமுகிற சத்தமும் மிஷின் ஓடுகிற சத்தமும்தான். வெளியே எல்லோரும் வாயசைப்பது தெரியும், சிரிப்பது தெரியும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. ஏற்கெனவே வீட்டில் பேச ஆள் இல்லாதவனைப் பட்டறையிலும் தனியாக ஒரு பெட்டிக்குள் போட்டு அடைத்துவிட்டார்கள். முதல் மாதம் அதன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அந்த மிஷினில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் ஸ்விட்சைப் போட்டதும் முதல் வேலையாக அதை 'ஹோம்' அனுப்ப வேண்டும். மேஜையும் கட்டர் தலையும் ஓடிப்போய் ஒரு மூலையில் நிற்கும். அதுதான் அதற்கு வீடு. வீட்டைத் தொட்டுவிட்டு வந்தால்தான் அதற்கு மற்ற இடமெல்லாம் நினைவுக்கு வரும். கரண்ட் போய்விட்டு வந்தாலும் மறுபடி வீட்டுக்குப் போக வேண்டும். நமக்கு வீட்டுக்குப் போகவே பிடிக்காது, இது என்னடாவென்றால் நாளுக்கு நாலு தடவை போகிறது என்று எரிச்சலாக வரும்.

குறை கண்டுபிடிக்கத்தான் அதை ஓட்டினேன். கண்டுபிடித்தேன். உடம்பு மெலிசு; இரும்பில் பெரிய வெட்டுக் கொடுத்தால் நடுங்கியது. கதவு கிரீச்சிட்டது. வெட்டின இரும்புச் சுருள் விழுகிற தட்டு அப்பளம் மாதிரி இருந்தது. வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றுகிற கூலன்ட் ஒரு மூலையில் ஒழுகிக் கால் நனைந்தது. எல்லாவற்றையும் பெஞ்சில் சொன்னேன். பெஞ்சு சந்தோஷப்பட்டது.

ஆனால் சின்ன வெட்டாகக் கொடுத்தால் அது வேறு மிஷின். மருந்து பாட்டில் மூடிக்கான அலுமினிய அச்சு ஒன்றை அதில் வெட்டினேன். வளைவுக்குள் வளைவு, பழைய மிஷினில் செய்து கடைசியில் அரம் போட்டுப் போட்டுத் தோள் கழன்றுபோகிற வேலை. இது முடித்து நின்றபோது கதவைத் திறந்து விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். மறுபடி தடவினேன். அளவு பார்க்கிற டயலை வைத்துப் பார்த்தேன், முள் அசையவில்லை. அளவு சொன்ன இடத்தில் நின்றிருந்தது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. இதை உடனே யாரிடமாவது காட்ட வேண்டும் போல் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். "பரவால்லயே" என்று மிஷினிடமே சொன்னேன். பேச்சு வெளியே வந்தது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து நான் பேசின முதல் வார்த்தை அதுதான்.

பெஞ்சில் இதைச் சொல்ல வரவில்லை. மற்ற எல்லோரும் பீரோ, பீரோ என்று கேலி பண்ணிக்கொண்டிருக்கும்போது நடுவில் போய்ப் பாராட்டு வாசிக்கிற ஆள் நான் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குறுக்குத்துறையில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தோம். பெனிட்டோ வழக்கத்துக்கு மாறாக முங்காமல் நின்றான்.

"அண்ணாச்சி, ஏரல்ல எங்க சித்தப்பா சரக்குப் போட்டு வச்சிருந்த கிட்டங்கி ஒண்ணு சும்மா கெடக்கு. அங்கன ஒரு மிஷினப் போடலாமான்னு பாக்கேன். கடக்கரை ஆளுவ எல்லாம் படகு எஞ்சின்ல ஒரு சின்னச் சாமான் போனாக்கூட இம்புட்டுத் தூரம் ஓடி வாரானுவ. அங்கனயே செஞ்சு குடுத்தா நிக்க நேரம் இருக்காது."

"என்ன மிஷினுலே?"

"நீங்க ஓட்டுததேதான். அந்த வெலைக்குத்தான் எனக்கு முடியும். ஆயுசு பூரா எவனுக்கோ மிஷின் ஓட்டிக்கிட்டே கெடக்க முடியாதுல்லா. நல்ல மிஷின்னா வாங்குவேன். இல்லன்னா நெனப்ப விட்டுட்டு இங்கனயே கெடக்கேன். நீங்க சொல்லுததுதான்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உடனே தோன்றியது மிஷின் இல்லை. ஏரலுக்குப் போனால் இவன் ஞாயிற்றுக்கிழமை இங்கே வர மாட்டான், அதுதான் தோன்றியது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குறை சொல்வது எனக்குப் புதிதும் இல்லை, யாரும் ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த அச்சின் வளைவு விரலில் பட்ட மாதிரி இருந்தது.

"நல்ல மிஷின்லே. நம்பி வாங்கு" என்றேன்.

எப்படி அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பகல் முழுக்க வாயைத் திறக்காமல் கண்ணாடிக்குள் இருந்து இருந்து, என் பேச்சின் கணக்கு எனக்கே மறந்துபோய்விட்டது போலும். மனதில் பட்டதை உலகத்தார் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டேன். பெனிட்டோ என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு தண்ணீருக்குள் முங்கினான். எழுந்து முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு, "சரி அண்ணாச்சி" என்றான்.

போகப் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அன்று வீட்டுக்கு வந்து அடுப்புப் பற்ற வைக்கவில்லை. ஈரத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அவன் போகிற மாதிரித் தெரியவில்லை. வழக்கம்போல் பெஞ்சுக்கு வந்தான். ஏரல் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒரு தூக்குவாளி நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்தான். "வினோலியா குடுத்துவிட்டா. அண்ணாச்சிக்கு நெறைய வைன்னு அவளே சொல்லிச் சொல்லி வச்சா" என்றான். வினோலியா அவன் மனைவி. பாளையங்கோட்டையிலேயே பிறந்து வளர்ந்தவள். சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கோயில் பாட்டுக் குழுவில் அவள் குரல்தான் முதலில் எழும்பும். கிறிஸ்துமஸுக்குக்கூட எனக்கு இவ்வளவு பலகாரம் அனுப்பினதில்லை.

விஷயம் சொரிமுத்து வாயிலிருந்துதான் தெரிந்தது. பெனிட்டோ இல்லாத ஒரு சாயங்காலம், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

"நல்லவேளை பிள்ளைவாள், பயல நீரு காப்பாத்தினீரு. போயி அந்த பீரோவ வாங்கி மாட்ட இருந்தான்."

"நான் என்னவே செஞ்சேன்?"

"நல்ல மிஷின்னு சொன்னீராம்லா. நம்பி வாங்குன்னு வேற சொன்னீராம். உம்ம வாயில அது வந்தா என்ன அர்த்தம்னு பெனிட்டோவுக்குத் தெரியாதா? இவ்வளவு மோசமான மிஷினா, அண்ணாச்சிக்கு முகத்துக்கு நேரா சொல்லவே மனசு வரலியேன்னு சொல்லி வருத்தப்பட்டான்."

பெஞ்சு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு நின்ற பிறகு டீ ஆறிப்போயிருந்தது.

சந்தோஷம் வந்தது, மறைப்பானேன். நான் பொய் சொல்லவில்லை, குறையும் சொல்லவில்லை. அவனாகத் தப்பாக விளங்கிக்கொண்டான், அவனாக இருந்துவிட்டான். எனக்கு என்ன பாவம் இதில்? அந்த இரண்டு மூன்று வாரம் ஆறு இதமாக இருந்தது. முந்திரிக்கொத்தும் நன்றாகத்தான் இருந்தது, அதாவது பரவாயில்லை.

பிறகு ஒரு மத்தியானம் மிஷினில் ஒரு வேலையை ஏற்றிவிட்டு நிமிர்ந்தால், கண்ணாடிக்கு வெளியே பெனிட்டோ நிற்கிறான். சாப்பாட்டு நேரத்தில் அவன் பட்டறையிலிருந்து வந்திருக்கிறான். என்னைப் பார்க்க வந்தவன் இல்லை. நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு மிஷினைப் பார்க்கிறான். கட்டர் போகிற வழியில் அவன் கண்ணும் போகிறது. கட்டிக்கொள்ள முடியாமல்போன பெண்ணைக் கல்யாண வீட்டில் பார்க்கிறவன் முகம் அப்படித்தான் இருக்கும். என்னைக் கவனித்ததும் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் பெஞ்சில் வைத்து, யாரோ கேட்டதற்கு, "அந்தக் கிட்டங்கிய சித்தப்பா வாழக்காய் யாவாரிக்கு விடப் போறாராம். மாசம் பொறந்ததும் சாவியக் குடுத்துருவாரு" என்றான். சொல்லிவிட்டு டீ டம்ளரின் அடியில் ஏதோ இருக்கிற மாதிரி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் படுத்தேன், தூக்கம் வரவில்லை. அவன் முகம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், அந்த மிஷின். இத்தனை வருஷத்தில் ஒரு மிஷினைப் பற்றி நான் தப்பாகத் தீர்ப்புச் சொன்னது கிடையாது. இப்போது என் பெயரைச் சொல்லி அது குப்பை என்று ஊர் முழுக்கப் பேச்சு. பாவம், அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டு மூலையில் நிற்கிறது. அதற்காகப் பேச நான் ஒருவன்தான் இருக்கிறேன். நானும் என் சௌகரியத்துக்கு வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் பெனிட்டோவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். செருப்பைக் கழற்றச் சொல்லிக் கண்ணாடி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன்.

"எதுக்கு அண்ணாச்சி? மொதலாளி பாத்தா ஏசுவாரு."

"ஏசட்டும். கையக் குடு." அவன் விரலைப் பிடித்து, அப்போதுதான் வெட்டி முடிந்திருந்த அச்சின் வளைவுக்குள் வைத்தேன். அவன் தடவினான். மறுபடி தடவினான், நான் தடவின மாதிரியே.

"மிஷின் பரவால்லலே" என்றேன்.

பெனிட்டோ விரலை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினான்.

"அன்னைக்கு நல்ல மிஷின்னு சொன்னிய?"

"அன்னைக்கும் இதத்தாம்லே சொன்னேன். வாய் தப்பிப் போச்சு."

"அப்ப... பரவால்லயா?"

"பரவால்ல."

அதற்குப் பிறகு எல்லாக் குறையையும் சொன்னேன். உடம்பு மெலிசு, பெரிய வெட்டுக் கொடுக்காதே. கரண்ட் ஏறி இறங்கினால் தாங்காது, நல்ல ஸ்டெபிலைசராகப் போடு. தட்டை மாற்று. கூலன்ட் ஒழுகும். அவன் "சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி" என்றானே தவிர ஒன்றும் காதில் ஏறவில்லை. முகம் முழுக்கப் பல்லாக இருந்தது. என் இரண்டு தோளையும் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுச் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடினான். பிறகு திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போனான்.

நான் போய்விட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்பான் என்று எதிர்பார்த்தேன். எனக்கு அதில் வருத்தம்தான். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? நல்லாத்தான் இருப்பேன் என்று சொல்லியிருப்பேன்.

மழைக்காலம் முடிந்து அவர்கள் ஏரலுக்குப் போய்விட்டார்கள். பெஞ்சில் அவன் உட்காருகிற ஓரத்தில் வேறு ஒருவன் வந்து உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் சைக்கிள் மணி கேட்டால் பேப்பர்காரனாக இருந்தது. ஆற்றுக்குத் தனியாக ஒருநாள் போய்ப் பார்த்தேன். முங்கி எழுந்தால் பேச ஆள் இல்லை. மஞ்சள் தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளிப் போனார்கள். அதற்குப் பிறகு வளவுக் கிணற்றிலேயே குளித்துவிடுகிறேன்.

மிஷின் வந்து இறங்கியதும் பெனிட்டோ ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். பங்குச் சாமியார் வந்து மந்திரிக்கிறார், முதல் வெட்டு அண்ணாச்சி கையால்தான் என்று. சொரிமுத்துவும் நானும் போனோம். கிட்டங்கிக்கு வெள்ளை அடித்து, ஒரு பக்கம் கண்ணாடி அறை கட்டியிருந்தான். மிஷினுக்கு மல்லிகைப்பூ மாலை. சாமியார் தீர்த்தம் தெளித்தார். கடற்கரையிலிருந்து வந்திருந்த படகுக்காரர்கள் கண்ணாடிக்கு வெளியே தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். நான் ஸ்விட்சைப் போட்டு, மிஷினை வீட்டுக்கு அனுப்பி, முதல் சாமானை வெட்டிக் கொடுத்தேன். பெனிட்டோ அதைத் தூக்கிக் காட்டி, "இவங்கதான் எங்க அண்ணாச்சி. இவங்க ஒரு வார்த்த சொன்னாங்க, நான் வாங்கிட்டேன்" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வினோலியா எனக்கென்று தனியாக மரக்கறிச் சாப்பாடு வைத்திருந்தாள். இளைத்திருந்தாள். வீடு மாறின அலைச்சல் என்று நினைத்தேன்.

சாப்பாடு முடிந்ததும் படகுக்காரர்கள் பெனிட்டோவைச் சூழ்ந்துகொண்டார்கள். சொரிமுத்து தூத்துக்குடியில் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான். "அண்ணாச்சிய நான் பஸ் ஏத்திவிட்டுட்டு வாரேன்" என்று வினோலியா செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். வெயில் இறங்கியிருந்தது. கடைத்தெரு வழியாகப் பைய நடந்தோம். எதிரே வருகிறவர்கள் அவளைப் புதிதாகப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லட்டா? கோவப்படக் கூடாது."

"சொல்லும்மா."

"மொதல்ல ஒரு நாள், அண்ணாச்சி வேண்டாம்னுட்டாங்கன்னு சொல்லிக்கிட்டு வீட்டுக்கு வந்தாருல்லா. அன்னைக்கு நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்."

நான் நின்றுவிட்டேன். அவள் நிற்காமல் நடந்தாள். நானும் கூட நடந்தேன்.

"எனக்குப் பாளையங்கோட்டைய விட்டு வர இஷ்டமே இல்ல. சொன்னா அவரு கேக்க மாட்டாரு. நான் அழுததுக்குக்கூட மசியல. நீங்க சொன்னா மட்டுந்தான் கேப்பாரு. அதனால உங்க வாயத்தான் நம்பியிருந்தேன்." குரலில் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "இங்கன எனக்கு ஒருத்தரையும் தெரியாது அண்ணாச்சி. வேலையும் போச்சு. அவரு காலைல கண்ணாடி ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்தினா சாப்பிடத்தான் வெளிய வாராரு. கூப்பிட்டாலும் உள்ள கேக்காது. கண்ணாடிக்கு வெளிய நின்னு நான் வாயசைக்கேன்."

பஸ் நிறுத்தம் வந்துவிட்டது. நான் ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது? போகப்போகச் சரியாகிவிடும் என்று சொல்லலாம். எனக்கு ஆகவில்லை.

"நீங்க எல்லாத்துக்கும் குறை சொல்லுத ஆளுல்லா" என்றாள் வினோலியா. "எங்க கல்யாணச் சாப்பாட்டுக்கே அவர்கிட்ட ரகசியமாக் குறை சொன்னிய. எனக்குத் தெரியும். இந்த ஒரு மிஷினுக்கு மட்டும் சொல்லதுக்கு ஒரு குறை கெடைக்கலியா அண்ணாச்சி உங்களுக்கு?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி, "ஸ்ரீவைகுண்டம், பாளையங்கோட்டை, ஜங்ஷன்" என்று கத்தினான். "ஏறுங்க அண்ணாச்சி, எடம் இருக்கு" என்று அவளே என் பையை வாங்கிப் படிக்கட்டில் வைத்தாள். ஏறினேன். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன்.

அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பஸ் கிளம்பின பிறகும், பாளையங்கோட்டை போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.